மேல்வரம்பு

தெய்வசிகாமணியை என்னிடம் கூட்டிவந்தது அவருடைய மனைவி சாந்தாமணி. தெய்வசிகாமணிக்கு அப்போது எழுபத்தோரு வயது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இருபத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலத்தில் மண்சரிவு, அடுத்த வளைவில் யானை நிற்கிறதா என்று தெரியாத மூடுபனி. அத்தனைக்கும் நடுவே ஒரு விபத்துகூட இல்லை. இதை அவர் சொல்லவில்லை, சாந்தாமணிதான் சொன்னார்.

"மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாடி இவருக்குக் காலுக்குத் தெரிஞ்சுருங்க டாக்டரம்மா. பிரேக்கு மேல அதுவாப் போய் நின்னுக்கும்" என்றார். தெய்வசிகாமணி சங்கடப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினெட்டு வருடச் சர்க்கரை, ரத்த அழுத்தம். போன வருடம் வாசற்படியில் லேசாக இடறியதற்கே மணிக்கட்டு முறிந்திருந்தது. தூக்கம் இரண்டு மூன்று மணி நேரம்தான். ரத்தப் பரிசோதனையில் நான் எதிர்பார்த்ததே வந்தது. பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் காலையில் ஏறியிருந்தது, மாலையில் இறங்கவில்லை. மற்றச் சுரப்புகளும் அதன் பின்னாலேயே தடம் மாறியிருந்தன.

அவருக்குப் புரிகிறமாதிரி சொன்னேன். "பயம், பரபரப்பு வந்தா உடம்புல ஒண்ணு சுரக்கும். நம்மளை ஓட வைக்கறதுக்கு, தப்பிக்க வைக்கறதுக்கு. வயசுல இருக்கறப்ப அது ஏறும், வேலை முடிஞ்சதும் இறங்கிடும். வயசானா சில பேருக்கு இறங்கறதே இல்ல. ஒண்ணுமே நடக்கலைன்னாலும் உடம்பு ஆபத்துல இருக்கறதாவே நினைச்சுக்குது. அதுதான் சர்க்கரையை ஏத்துது, எலும்பை அரிக்குது, ரத்தக்குழாயைக் கெடுக்குது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வண்டியை டிப்போவுல விட்ட பின்னாடியும் இஞ்சினு ஓடிட்டே இருக்கறாப்லீங்களா?"

அதைவிட நன்றாக அதை விளக்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பிறகு எத்தனையோ கருத்தரங்குகளில் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொன்னதில்லை.

இஞ்சினை நிறுத்த எங்களிடம் ஒரு கருவி இருந்தது. எங்கள் ஆய்வுத் திட்டத்தில் அதற்கு வைத்த பெயர் நீளமானது, யாரும் அதைச் சொல்வதில்லை. அரிசி என்பார்கள். பொன்னி அரிசி அளவுதான் இருக்கும். மேற்கையில் தோலுக்கு அடியில் செருகிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சுரப்பு அளவைப் பார்க்கும். நாங்கள் குறித்துக் கொடுத்த மேல்வரம்பைத் தொட்டால் மருந்தைத் துளித்துளியாகக் கசியவிட்டு இறக்கும். அளவுகளின் கோடு எங்கள் ஆய்வு மையத்தில் என் திரைக்கு வந்துவிடும். "கையில அரிசி வெச்சாச்சா?" என்று கோயில் வாசலிலும் நடைபாதையிலும் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்ட காலம் அது.

அந்த மேல்வரம்பு என்னுடைய எண். ஒன்பது வருடம், நாலாயிரம் முதியவர்களின் ரத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த எண். அந்த எண்ணுக்குக் கீழே வாழ்ந்தவர்களுக்கு மாரடைப்பும் சர்க்கரையும் எலும்பு முறிவும் பாதியாகக் குறைந்திருந்தன.

அதை இறுதி செய்த கூட்டத்தில் வினோபா என்கிற பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார். கருவியை வடிவமைத்த குழுவில் வயதில் இளையவர் அவர். "மேடம், ஒரு இருபது நிமிஷம் இடைவெளி விட்டா என்ன? நிஜமாவே ஏதாவது நடந்து அளவு சட்டுனு ஏறுச்சுன்னா, அரிசி இருபது நிமிஷம் சும்மா இருக்கட்டும். அப்பறம் இறக்கட்டும். அவங்க பயப்பட வேண்டியதுக்குப் பயப்படணும் இல்லையா?"

நானே அதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். இடைவெளி இல்லாவிட்டால் நூறு மாரடைப்புகளைத் தடுக்கலாம். இடைவெளி விட்டால் தொண்ணூற்றொன்றைத்தான் தடுக்க முடியும். பலவீனமான இதயம் நின்றுபோவது பெரும்பாலும் அந்த இருபது நிமிடத்தில்தான்.

"அந்த ஒன்பது பேர்கிட்ட நீங்க போய்ச் சொல்றீங்களா வினோபா?" என்று கேட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சீக்கிரம் முடிந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

தெய்வசிகாமணிக்கு வைத்தது அந்த இடைவெளி இல்லாத அரிசி.

ஆறு மாதத்தில் அவர் வேறு மனிதராகிவிட்டார். சர்க்கரை மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றானது. ரத்த அழுத்தம் இறங்கியது. ஏழு மணி நேரம் தூங்கினார். காலையில் ஆனைமலை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பினார். முகத்தில் சதை போட்டிருந்தது. பரிசோதனை முடிந்து அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது சாந்தாமணி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

போன வாரம் சந்தைக்குப் போன சாந்தாமணி பேருந்து கிடைக்காமல் மூன்று மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போயிருக்கிறார். கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை. முன்பெல்லாம் அரை மணி தாமதமானாலே கணவர் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருப்பாராம். வந்து சேர்ந்ததும் ஒரு சண்டையும் இருக்குமாம். அன்றைக்கு இவர் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவர், முடிக்கும்போது சிரிக்கவில்லை.

"சண்டை போடறது நல்லாவா இருந்துச்சு?" என்றேன்.

"இல்லீங்க. ஆனா நாப்பத்து நாலு வருசமா அந்தச் சண்டை இருந்துதுங்களே."

பதற்றம் குறைவது நல்ல அறிகுறி என்று அவருக்கு விளக்கினேன். கணவரின் இதயத்துக்கு அது எவ்வளவு நல்லது என்று கோட்டைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். அடுத்து ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் காதுகொடுத்துக் கேட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பதே முக்காலுக்குச் சாந்தாமணிக்குப் பக்கவாதம் வந்தது. கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த சேலை நழுவியது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தெய்வசிகாமணி பத்தடி தூரத்தில் நின்று தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பார்த்தார். ஓடிவந்து பிடிக்கவில்லை. நடந்துவந்து பிடித்தார். மனைவி குழறிக் குழறிப் படுக்க வேண்டும் என்று சொன்னதாகப் புரிந்துகொண்டு உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். போர்த்திவிட்டார். வெளியே வந்து மோட்டாரை நிறுத்தினார். கிடந்த துணிகளை எடுத்து அலசிக் காயப்போட்டார். மத்தியானம் ரசம் சாதம் பிசைந்து கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தார். விழுங்க முடியவில்லை என்றதும் வாயைத் துடைத்துவிட்டு அதைத் தானே சாப்பிட்டார். மூன்றேகால் மணிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்திருக்கலாம். ஐந்தரை மணி நேரம் ஓடியிருந்தது. உயிர் தப்பியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. நாம் பேசுவது அவருக்குப் புரிந்தது, பதில் மட்டும் சொல்ல முடியவில்லை.

ஓசூரிலிருந்து மகள் தர்ஷினி வந்தபோது, அப்பா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னாராம். மறைக்கவில்லை. அவள் என்னிடம் வந்து, அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறதா என்று கேட்டாள். பரிசோதித்துப் பார்த்தேன். மறதி இல்லை. அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது அவரிடம் நேராகவே கேட்டேன்.

"வாய் கோணுறதைப் பார்த்தீங்க. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. பஸ்ஸுக்குப் பின்னாடியே எழுதியிருப்பாங்களே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னு."

"அப்புறம் ஏன்?"

அவர் ஒளிக்காமல் என்னைப் பார்த்தார். "ஆம்புலன்ஸைக் கூப்படோணும்னு நெனச்சனுங்க. மோட்டாரை நிறுத்தோணும்னும் நெனச்சன். துணியை எடுக்கோணும்னும் நெனச்சன். எல்லாமே ஒண்ணு மாதிரி இருந்துதுங்க. அவசரம்னு ஒண்ணு வருமில்லீங்களா, அது வல்லீங்க."

அவரை அனுப்பிவிட்டு, பக்கவாதம் வந்த நாளின் கோட்டைத் திரையில் எடுத்தேன். ஒன்பது நாற்பத்தைந்து வரை சமவெளி. ஒன்பது ஐம்பதுக்குக் கோடு செங்குத்தாக எழுந்திருந்தது. அவருடைய உடம்பு பார்த்திருக்கிறது, கத்தியிருக்கிறது. கோடு மேல்வரம்பைத் தொட்டதும் அரிசி தன் வேலையைச் செய்தது. கோடு மடங்கி, என் எண்ணுக்கு ஒரு மயிரிழை கீழே, மூன்றேகால் மணிக்கு அப்பாலும் நேராக ஓடிக்கொண்டிருந்தது. நான் வரைந்து கொடுத்த மாதிரியே.

நாலு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆனைமலை சாலையை ஒட்டிய ஓட்டு வீடு. வீட்டுக்குள் அப்படி ஒரு ஒழுங்கு. படுக்கை விரிப்பில் சுருக்கம் இல்லை. மருந்துகள் வேளை வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதால் முதுகில் ஒரு புண் கிடையாது. உதவிக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் கலாமணி என்ற பெண் வருவாள். மற்ற நேரம் முழுக்கத் தெய்வசிகாமணி ஒருவர்தான். கஞ்சியை ஊட்டும்போது சாந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி கணவரின் சட்டையில் கொட்டியது. துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தார். சாந்தாமணி மறுபடி தட்டிவிட்டார். அவர் மறுபடி துடைத்தார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. எந்தச் செவிலியரும் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது.

நான் கிளம்ப எழுந்தபோது சாந்தாமணி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி. பிறகு என்னை விட்டுவிட்டு கணவருடைய கையைப் பற்றி இழுத்தார். சட்டைக் கையை மேலே தள்ளினார். தோலுக்கு அடியில் அரிசி இருக்கும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினார். விடவில்லை. ரத்தம் கசிந்தது. அவர் கையை இழுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"எடுக்கணுமா?" என்று சாந்தாமணியிடம் கேட்டேன்.

சாந்தாமணி கண்ணை மூடித் திறந்தார், ஆமாம் என்பதற்கு அவருடைய சைகை அது.

தெய்வசிகாமணியிடமும் கேட்டேன். எடுத்தால் சர்க்கரை ஏறும், ரத்தக்குழாய் பழைய நிலைக்குப் போகும், அவர் வயதில் இதயம் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"எடுத்துருங்க. அவளுக்கு வேண்டாமுன்னா எடுத்துருங்க" என்றார்.

அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டது சரிதானா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாலும் அதே குரலில்தான் சரி என்றிருப்பார். பயமே வராத ஒருவரிடம் ஆபத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதற்கு என்ன அர்த்தம்? ஆனால் தர்ஷினியும் எடுக்கத்தான் சொன்னாள். எனக்கும் எடுக்க வேண்டும் போலிருந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று அப்போது என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை. மையத்தில் வைத்துப் பத்து நிமிடத்தில் எடுத்தேன். ஒரு தையல்.

மருந்து உடம்பைவிட்டு முழுக்க இறங்க மூன்று வாரம் ஆகும். இருபத்திரண்டாம் நாள் காலை தர்ஷினி எனக்குத் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தெய்வசிகாமணி கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாந்தாமணியின் சேலை ஒன்று கொடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். பிறகு ஓடினார். வீட்டைச் சுற்றிக்கொண்டு, செருப்பில்லாமல், ரோட்டுக்கு ஓடினார். வந்துகொண்டிருந்த வால்பாறைப் பேருந்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் பதறிக்கொண்டு இறங்கியிருக்கிறார். "என்ற சம்சாரம் விழுந்து கெடக்கறா. வாய் கோணிப் போச்சு. சீக்கிரம் வாங்க, நேரமில்லீங்க" என்று அவரைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஓட்டுநரும் நாலைந்து பயணிகளும் அவருடன் வீட்டுக்குள் ஓடினார்கள். அங்கே ஐந்து மாதமாகப் படுத்திருந்த சாந்தாமணி சுத்தமான விரிப்பில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

அப்போதுதான் அவருக்கு, அது நடந்து எத்தனை நாளாயிற்று என்று உறைத்திருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வந்தவர்கள் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சாந்தாமணி இடது கையை நீட்டி அவர் தலைமேல் வைத்துக்கொண்டாராம். அம்மா சிரித்த மாதிரி இருந்தது என்றாள் தர்ஷினி. "இத்தனை மாசத்துல மொத தடவை மேடம்."

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். அவர் அவ்வளவு நல்ல செவிலியராக இல்லாமல் போனார். மருந்து வேளையை மறந்தார். தூக்கம் கெட்டது. ஒருநாள் கஞ்சியைத் தட்டிவிட்டதற்குச் சாந்தாமணியைத் திட்டிவிட்டு, உடனே அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். விரிப்பு கசங்கியிருந்தது. முதுகில் ஒரு புண் வந்து ஆறியது. கலாமணி சொன்னாள், அம்மா இப்போது கஞ்சியை முழுக்கக் குடித்துவிடுகிறார், அப்பா ரோட்டுப் பக்கம் போனால் வரும்வரை வாசலையே பார்க்கிறார், அப்பாவும் கடைக்குப் போன வேகத்தில் திரும்பி ஓடிவருகிறார் என்று.

சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மாத்திரை மூன்றாகி, ஊசியானது. ஒவ்வொரு பரிசோதனையின்போதும் திரும்ப வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். புதுக் கருவி வரப்போகிறது, அதில் ஒரு இடைவெளி இருக்கும் என்றும் சொன்னேன். அது உண்மைதான். அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு போய் நான் குழுவின் முன் நின்றேன். என்னோடு வினோபாவும் வந்தார். என் எண் தவறு என்று நானே சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதே ஒன்பது பேரைப் பற்றித்தான் என்னிடம் கேட்டார்கள். ஏழு மாதம் பேசினோம். கடைசியில் இருபது நிமிடத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

தெய்வசிகாமணி வேண்டாம் என்றார். "அந்த அஞ்சு மாசமும் நான் அவகூடவே இருந்தனுங்க டாக்டரம்மா. ஆனா அவ தனியாத்தான் கெடந்திருக்கா. இனி எத்தனை நாளோ அத்தனை நாள் போதுமுங்க."

அரிசியை எடுத்த பிறகு பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார்.

ஒருநாள் சாந்தாமணிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் அவருக்கு மாரடைப்பு வந்தது. சீப்போடு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்தார். உடனே உயிர் போகவில்லை. மருத்துவர்கள் பிறகு கணித்ததில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உயிர் இருந்திருக்கிறது. சாந்தாமணிக்குக் கண் தெரிந்தது, காது கேட்டது, என்ன நடக்கிறது என்று முழுக்கத் தெரிந்தது. எழ முடியாது. கூப்பிட முடியாது. கைக்கு எட்டிய தண்ணீர்ச் சொம்பைச் சுவரில் எறிந்திருக்கிறார். மருந்துப் பெட்டியை எறிந்திருக்கிறார். எறிய எதுவும் இல்லாமல் போனதும் கட்டிலின் இரும்புச் சட்டத்தை இடது கையால் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ரோட்டில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. ஐந்து மணிக்குக் கலாமணி வந்து கதவைத் திறந்தபோதும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்துத் தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். அம்மா தூங்குவதே இல்லை என்றாள். கண் மூடினால் இரண்டு நிமிடத்தில் உடம்பு தூக்கிப்போடுகிறது, இடது கை கட்டில் சட்டத்தைத் தேடிப்போய் அடிக்கிறது, கையில் துணி சுற்றிவிட்டிருக்கிறோம் என்றாள். போய்ப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார். ரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு உயரமான அளவை நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்கும்படி, எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கூட்டத்தில் வினோபா கேட்டதை, நான் சொன்ன பதிலை, சந்தைக்குப் போய்ச் சாந்தாமணி தாமதமாக வந்த கதையை நான் காதில் போட்டுக்கொள்ளாததை. அரிசியை எடுத்திருக்காவிட்டால் தெய்வசிகாமணி இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். "நான் எடுத்தது தப்பாம்மா?" என்று கேட்டேன்.

சாந்தாமணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு துணி சுற்றிய இடது கையை மெல்ல என் மடியில் கொண்டுவந்து வைத்தார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். கையை இன்னும் முன்னால் தள்ளினார். உள்பக்கம் மேலே வரும்படி திருப்பினார். ரவிக்கைக் கைக்குக் கீழே, கணவருக்குச் செருகியிருந்த அதே இடம்.

நான் புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். தர்ஷினிதான் வாய்விட்டுச் சொன்னாள். "அம்மாவுக்கு வெச்சு விடுங்கன்னு கேக்கறாங்க மேடம்."

புதுக் கருவி வந்துவிட்டது என்று சொன்னேன். அதை வைத்தால் நடப்பவை மனதில் கொஞ்சம் தைக்கும், பிறகு அடங்கும், கணவரின் நினைவு வரும்போது இருபது நிமிடம் அழ முடியும் என்று விளக்கினேன். சாந்தாமணி கண்ணை மூடினார். திறக்கவில்லை. எங்கள் பாஷையில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். மூடிய கண்ணோடு, கையை மட்டும் எடுக்காமல், அப்படியே இருந்தார்.

அவர் கேட்ட, இடைவெளி இல்லாத பழைய அரிசியை நாங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தோம். மையத்தின் குளிர்பெட்டியில் ஆறு மிச்சமிருந்தன. அவற்றை இனி யாருக்கும் வைக்கக்கூடாது என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டவள் நான். அடுத்த நாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் நானே வைத்தேன். பதிவில் புதியது என்று எழுதினேன்.

சென்ற வாரம் போயிருந்தேன். சாந்தாமணிக்குச் சதை பிடித்திருக்கிறது. நன்றாகத் தூங்குகிறார். கையில் துணி இல்லை. விரல் கணுக்கள் ஆறிவிட்டன. அன்றைக்குத் தெய்வசிகாமணியின் முதல் வருடத் திதி. படத்துக்கு மாலை போட்டாயிற்று, ஐயர் வந்து போய்விட்டார், தர்ஷினி அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து படம் நேராகத் தெரியும். சாந்தாமணி அதைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வாயின் இடது ஓரத்தால் சிரித்து, சாப்பிட்டாயிற்றா என்று கையால் கேட்டார்.

ஆயிற்று என்று சொன்னேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், கார்ட்டிசால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எல்லாம் வரம்புக்குள் இருந்தன.